டொக்டர் இல்லாதவர் விறைப்பு ஊசி போடலாமா? மயக்கமும் கொடுக்கலாமா?

துணுக்காய்_சேர் | வெள்ளி, இரவு 7.40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக மண்டைக்குள் கிடக்கும் கேள்வி.

எங்கள் சொந்தக்காரப் பிள்ளை ஒருத்தி லண்டனில் ஹைஜீனிஸ்ட். டொக்டர் இல்லை. பல்லில் படிந்த காரையை எடுப்பது, முரசு (ஈறு) வருத்தம் பார்ப்பது, ஒழுங்காகத் துலக்கச் சொல்லிக் கொடுப்பது இவைதான் அவளுடைய வேலை. விறைப்பு ஊசியும் தானே போடுகிறாளாம். மேலே ஒரு பயிற்சி எடுத்தால் சிரிப்பு வாயு கொடுத்துப் பயந்த ஆளைத் தணித்து வைக்கவும் விடுவார்களாம்.

இங்கே எங்கள் நிலைமை தெரியும்தானே. பல்லுக் கொதியென்றால் ஒரு நாள் கூலி போச்சு. பல் வைத்தியர் லீவு என்றால் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ பஸ் ஏற வேண்டும். போய்ச் சேர நம்பர் முடிந்துவிடும். உயிரியல் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பிடித்து ஊசியும் மயக்கமும் பழக்கி, ஒவ்வொரு கிராமத்து ஆஸ்பத்திரியிலும் ஒராளை விட்டால் என்ன?

என் இளையவனுக்கும் ஊசியைக் கண்டால் ஆகாது. அதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கராம்பு | வெள்ளி, இரவு 7.52

எங்கள் அப்பம்மாவுக்குக் கராம்பு எண்ணெயும் நூலும் கதவும் போதும். பயிற்சி நெறி, சான்றிதழ் ஒன்றும் இல்லை. 😄

முறிகண்டிக்_கச்சான் | வெள்ளி, இரவு 8.15

சேர், கோபிக்காதேங்கோ. கொழும்பில் இருப்பவனுக்குப் பல் வைத்தியர், வன்னியில் இருப்பவனுக்கு ஆறு மாதம் பழகின பிள்ளையா? ரீச்சர் இல்லாத பள்ளிக்கூடத்துக்குத் தொண்டர் ஆசிரியர், டொக்டர் இல்லாத ஊருக்கு இன்னொருவர் என்று எங்களை எப்போதும் இரண்டாம் தரத்தில்தான் வைக்கிறார்கள். அதை நாங்களே வாய்விட்டுக் கேட்கவும் வேண்டுமா? எனக்கு டொக்டர்தான் வேண்டும்.

பல்லுமிஸ் | வெள்ளி, இரவு 9.03

கச்சான் அண்ணை, நான் டொக்டர் இல்லை. பாடசாலைப் பற்சிகிச்சையாளர். உங்கள் பிள்ளை வன்னியில் படித்திருந்தால் என்னைப் போல ஒராள்தான் அவனுடைய வாயைப் பார்த்திருப்பார்.

மகரகமையில் இருக்கும் பயிற்சிப் பாடசாலையில் படித்துவிட்டு வருகிறோம். பதின்மூன்று வயது வரையான பிள்ளைகளுக்குச் சூத்தை அடைப்பது, பாற்பல் கழற்றுவது, அதற்கு விறைப்பு ஊசி போடுவது எல்லாம் எங்கள் வேலை. இந்த யோசனை நேற்று முளைத்ததும் இல்லை. நியூசிலாந்தில் 1921இலேயே பள்ளிப் பல் தாதிமாரைப் பயிற்றத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் சேவையும் அந்த வழியில் வந்ததுதான். நூறு வருசம் பழகின ஒன்றை இரண்டாம் தரம் என்று சொன்னால் என்ன செய்வது?

ஆனால் ஒன்று. எங்களுக்குப் பிள்ளைகள் மட்டும்தான். வெற்றிலை போட்டுப் போட்டுப் பல்லைச் சுற்றிக் கறுத்த காரை கட்டி, முரசு கீழிறங்கின அம்மாவுக்கு நான் கை வைக்க முடியாது. சேர் கேட்கிற ஆள் அந்த இடத்துக்குத்தான் தேவை. முரசுக்குக் கீழே ஆழமாகச் சுரண்ட வேண்டுமென்றால் விறைக்காமல் செய்வது சித்திரவதை. பாதியிலேயே எழும்பிப் போனவர் திரும்ப வரமாட்டார். பிறகு பல்லு ஆடத் தொடங்கின பிறகுதான் வருவார், கழற்ற.

லண்டன்_சுதா | சனி, அதிகாலை 2.20

சேர் சொல்கிற சொந்தக்காரப் பிள்ளை நானில்லை, ஆனால் அதே வேலைதான். விசுவமடுவில் பிறந்தேன்.

நாங்கள் படித்தபோது ஊசி பழகினது ஒருவருக்கு ஒருவர் போட்டு. பொம்மைத் தாடையில் தொடங்கி, பிறகு பக்கத்தில் இருக்கிற வகுப்புப் பிள்ளையின் வாய். மேல் பல்லுக்குப் போடுவது லேசு. அங்கே எலும்பு மெல்லியது, பல்லின் வேர்ப் பக்கம் மருந்தை வைத்தால் தானாக ஊறிப் போகும். கீழ்க் கொடுப்புப் பல்லுக்குத்தான் கஷ்டம். தாடை எலும்பு தடிப்பு, மருந்து ஊறாது, நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்துக்கே போக வேண்டும். வாயை ஆவென்று திறக்க வைத்து, பெருவிரலால் தாடையின் முன் விளிம்பைத் தடவிப் பள்ளத்தைப் பிடித்து, மற்றப் பக்கத்துச் சிறுகடைவாய்ப் பல்லுக்கு மேலாக ஊசியைச் சரித்துக் கொண்டு போவோம். இரண்டு, இரண்டரை சென்ரிமீற்றர் போனதும் ஊசி நுனி எலும்பில் தட்டும். தட்டினால் ஒரு சொட்டுப் பின்னால் இழுத்து, இரத்தம் வருகிறதா என்று உறிஞ்சிப் பார்த்து, அப்புறம் ஆறுதலாகத் தள்ளுவது. தட்டவில்லை என்றால் அங்கே மருந்தை விடக் கூடாது. ஊசி பின்னுக்குப் போய் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் நிற்கக் கூடும். விட்டால் முகத்தின் அந்தப் பக்கம் தொங்கும், கண் மூடாது. விறைப்புப் போகச் சரியாகிவிடும், ஆனால் அதுவரைக்கும் ஆளுக்குப் பாரிசவாதம் வந்துவிட்டது என்று வீடே அழும்.

இதெல்லாம் கை வேலை. பழகலாம். எனக்கு அதிகம் மினக்கெட வைத்தது மற்றப் பக்கம். வந்தவர் என்ன மருந்து குடிக்கிறார், இதயம் எப்படி, இரத்தம் உறையாமலிருக்க ஏதும் எடுக்கிறாரா, கர்ப்பமா. பிரஷருக்குச் சில மருந்து குடிப்பவருக்கு, விறைப்பு நிலைக்க ஊசியில் சேர்த்திருக்கும் அட்ரினலினைக் குறைக்க வேண்டும். உங்கள் பக்கத்து ஆட்கள் கிளினிக் கொப்பி கொண்டுதானே திரிவார்கள்? அதை வாசித்து விளங்கத் தெரியாதவர் கையில் ஊசியைக் கொடுக்கக் கூடாது.

சட்டமும் படிப்படியாகத்தான் இளகினது. 2024 ஜூன் வரைக்கும் இங்கே ஊசிக்குப் பல் வைத்தியர் எழுதித் தர வேண்டும், அல்லது அதற்கென்று முன்கூட்டியே ஒப்பமிட்ட ஏற்பாடு ஒன்று இருக்க வேண்டும். இப்போது விறைப்பு மருந்துக்கு அது தேவையில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம் 1971இலேயே ஹைஜீனிஸ்ட் கையில் ஊசியைக் கொடுத்துவிட்டது. பிறகு மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சிலவற்றில் பல்லுக்குப் பக்கத்தில் வைத்து ஊற விடும் ஊசியை மட்டும்தான் விட்டார்கள், நரம்பை மறிக்கும் ஊசியை இல்லை.

வாயு விசயம் வேறு. நான் அந்தப் பயிற்சி எடுக்கவில்லை. எடுத்தவர்களும் தனியறையில் தனியாக நின்று கொடுப்பதில்லை.

பல்வைத்தியர்_வன்னி | சனி, காலை 6.35

கடமைக்குப் போக முதல் எழுதிவிடுகிறேன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

ஊசிக்கு நான் எதிரில்லை. எதிர்க்கும் சகபாடிகள் உண்டு, அவர்கள் சொல்லும் காரணம் பாதுகாப்பு. ஆனால் ஊசி போட்டதும் நாற்காலியில் நடக்கிற கோளாறுகளில் அதிகமானது பயந்து மயங்கி விழுவது. அதற்கு ஆளைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கத் தெரிந்தால் போதும். உண்மையான ஒவ்வாமை மிக அரிது. வந்தால் அட்ரினலின் தசையில் போட வேண்டும். அந்த மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி, போடுபவர் டொக்டரா என்பது இரண்டாவது.

பெற்றோர் யாரும் கவனிக்காத ஒன்று அளவு. விறைப்பு மருந்தான லிக்னோகெயின் 2% குழாய் ஒன்று 1.8 மி.லீ. அதில் 36 மி.கி. மருந்து. சிறுபிள்ளைக்கு நாங்கள் பிடிக்கிற எல்லை கிலோவுக்கு 4.4 மி.கி. அப்படியென்றால் 15 கிலோ பிள்ளைக்கு 66. இரண்டாவது குழாயை முழுவதும் தள்ளினால் 72, எல்லை தாண்டியாச்சு. பெரிய ஆளுக்கு இரண்டு குழாய் ஒன்றுமேயில்லை. பிள்ளைக்கு வலி போகவில்லையே என்று இன்னொன்று, இன்னொன்று என்று போடுகிற கைதான் ஆபத்து. கூடினால் உதடு, நாக்கைச் சுற்றிக் கூச்சம், பேச்சுக் குழறல், பிறகு வலிப்பு. ஆகவே என் கிளினிக்கில் தராசு நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இன்னுமொன்று, ஊசி முடிந்து வீட்டுக்குப் போன பிறகு பிள்ளை விறைத்த உதட்டைக் கடித்துக் குதறிவிடும். மூன்று மணித்தியாலம் கவனியுங்கள் என்று சொல்ல மறக்கிற ஆளுக்கு எவ்வளவு நல்ல கை இருந்தும் பிரயோசனம் இல்லை. அடுத்த நாள் வீங்கின உதட்டோடு வந்து, டொக்டர் ஏதோ செய்துவிட்டார் என்பார்கள்.

மயக்கத்தைப் பற்றி ஆறுதலாக எழுத வேண்டும். பின்னேரம் வருகிறேன்.

கராம்பு | சனி, காலை 9.10

டொக்டர், எங்கள் வவுனியாப் பக்கம் பிள்ளைகளின் பல்லில் மண்ணிறத் திட்டு. சுத்தம் செய்யச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனால் போகாது என்கிறார்கள். ஹைஜீனிஸ்ட் வந்தால் போகுமா?

பல்லுமிஸ் | சனி, காலை 9.48

கராம்பு தம்பி, அது ஊத்தை இல்லை. கிணற்றுத் தண்ணீரில் புளோரைட்டுக் கூட. பல் முளைக்க முதலே எனாமலுக்குள் போய் உட்கார்ந்துவிட்ட நிறம். யார் சுரண்டினாலும் போகாது. தனித் திரி திறவுங்கள், அங்கே எழுதுகிறேன்.

டொக்டரின் கணக்கோடு இதையும் சேர்க்கிறேன். குழாய் மருந்தை 25 பாகைக்கு மேல் வைக்கக் கூடாது என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். சித்திரை வெயிலில் பின் சீற்றில் பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போகிற எங்களுக்கு அந்த எழுத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். சூட்டில் முதலில் கெடுவது அட்ரினலின். ஊசி பிடிக்கும், ஆனால் கெதியாக விட்டுவிடும். பிள்ளை பாதியில் கத்தும். பழகாத ஆள் அடுத்த குழாயை எடுப்பார். டொக்டர் சொன்ன 72 அப்படித்தான் வருகிறது. நான் ஐஸ் பெட்டியில் நேரே ஐஸில் முட்டாமல் துவாயில் சுற்றி வைக்கிறேன்.

இரவுக்கடமை | சனி, மதியம் 1.30

மயக்க மருந்துப் பிரிவில் தாதி. டொக்டர் வருவதற்குள் நான் பார்க்கிற பக்கத்தை எழுதுகிறேன்.

சேர் நினைப்பது போல ஊசியும் தணிப்பும் (ஆளை அரைமயக்கத்தில் அமைதியாக வைப்பது) ஒரே பயிற்சியின் முதல் பாகம், இரண்டாம் பாகம் இல்லை. ஊசி போட்டால் ஆள் தன் மூச்சைத் தானே பார்த்துக்கொள்வார். தணிப்பு மருந்து கொடுத்தால் அவருடைய மூச்சு எங்கள் பொறுப்பு. சரியான அளவில் ஆள் கண் சொருகியிருந்தாலும் கூப்பிட்டால் பதில் சொல்வார், வாயைத் திற என்றால் திறப்பார். ஆனால் மிடாசோலம் என்ற தணிப்பு மருந்து ஒரே அளவில் ஒரு பிள்ளையைச் சிரிக்க வைக்கும், இன்னொன்றை நித்திரையாக்கிவிடும், மூன்றாவது எழும்பிக் கடிக்கும். எது என்று கொடுக்க முதல் தெரியாது. நீங்கள் நினைத்ததை விட ஒரு படி ஆழத்துக்குப் போனால் தாடையைத் தூக்கிப் பிடித்து, பையால் மூச்சுக் கொடுக்கத் தெரிய வேண்டும். தெரியாதவர் கொடுக்கவே கூடாது.

அதை முறிக்கிற மருந்து இருக்கிறதே என்பார்கள். புளுமசெனில் வேலை செய்யும். ஆனால் அது மிடாசோலத்தை விட முதலில் கலைந்துவிடும். எழும்பிவிட்டது என்று பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால், முச்சக்கரவண்டியில் தாயின் மடியில் திரும்பவும் மயங்கும். அங்கே யார் பார்ப்பது?

விரலில் மாட்டுகிற ஒட்சிசன் மீற்றரையும் அதிகம் நம்பாதீர்கள். ஒட்சிசன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றாலும் இலக்கம் கொஞ்ச நேரம் 98 என்றே நிற்கும். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பல்லுக்குள் தலையை விட்டிருக்கிறவரால் அது ஏலாது. அப்படியென்றால் இரண்டு பேர். ஒராளை விடுவோம் என்று சேர் எழுதினாரே, அந்த ஒராள் தணிப்புக்குச் சரிவராது.

முறிகண்டிக்_கச்சான் | சனி, பிற்பகல் 3.05

பல்லுமிஸ் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், ஊசி சரி. ஆனால் மற்றதில் பழைய கதைதான். ஆபத்து, ஆபத்து என்று எல்லாவற்றையும் யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் பஸ் ஏறுகிறோம். இங்கேதான் மயக்கம் கூடத் தேவை என்பது யாருக்கும் விளங்கவில்லையா? என் மச்சானின் தாடையில் இன்னும் சன்னத் துண்டு இருக்கிறது, வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கும். டிரில் சத்தம் கேட்டாலே வியர்த்துக் கொட்டிக் கதிரையை விட்டு எழும்பிவிடுவான். அவனுக்கு என்ன பதில்?

பல்வைத்தியர்_வன்னி | சனி, மாலை 5.50

கச்சான் அண்ணையின் கேள்வி நியாயமானது. அவருடைய மச்சானைப் போன்ற ஆட்களை நான் கிழமைக்குக் கிழமை காண்கிறேன். மல்லாக்கப் படுக்க மாட்டார்கள், முகத்துக்கு மேல் எதையும் கொண்டுவர விடமாட்டார்கள். ஏன் என்று நான் கேட்பதில்லை.

தணிப்பு வன்னிக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எது, எங்கே என்றுதான் பார்க்க வேண்டும். வாயால் குடிக்கிற அல்லது நரம்பால் ஏற்றுகிற மருந்து கிராமத்துக் கிளினிக்கில் வேண்டாம், தாதி எழுதிய காரணங்களே போதும். சிரிப்பு வாயு அப்படியில்லை. மூக்கு முகமூடியால் முதலில் தனி ஒட்சிசன், பிறகு நைதரசு ஒட்சைட்டை, அதாவது அந்தச் சிரிப்பு வாயுவை, பத்துப் பத்து வீதமாகக் கூட்டுவது. பெரும்பாலானவருக்கு முப்பது, நாற்பது வீதத்தில் கை கால் இளகிவிடும். பல்லுக்கென்று செய்த இயந்திரம் ஒட்சிசனை முப்பது வீதத்துக்குக் கீழே இறங்க விடாது. நிறுத்தித் தனி ஒட்சிசன் ஐந்து நிமிடம் கொடுத்தால் ஆள் தெளிந்துவிடுவார். இங்கிலாந்தில் ஹைஜீனிஸ்டுக்கு மேலதிகப் பயிற்சியோடு விடுவதும் இந்த வாயுவைத்தான், நரம்பு மருந்தை இல்லை.

அதற்கும் தடைகள் உண்டு. சளி பிடித்து மூக்கடைத்த பிள்ளைக்குச் சரிவராது. அழுதுகொண்டு வாயால் மூச்செடுக்கிற பிள்ளைக்கும் சரிவராது, அதுதான் எங்களிடம் வருகிற பிள்ளை! முகமூடியையே பொறுக்காத மச்சானுக்கும் உடனே பிடிக்காது. பல நாள் கதைத்து, கண்ணாடி முன் தானே பிடித்துப் பார்க்க விட்டுத்தான் கொண்டுவரலாம். அறையில் கசியும் வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் இல்லாவிட்டால் அங்கே நிற்கிற கர்ப்பிணி உதவியாளருக்குக் கூடாது. அதோடு சிரிப்பு வாயு கொடுத்தாலும் விறைப்பு ஊசி வேண்டும். பயத்தை எடுக்கும், பல் வலியை அந்தளவுக்கு எடுக்காது.

என்னைக் கேட்டால் மாவட்ட ஆஸ்பத்திரிகளில், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாஞ்சோலை, வவுனியா, மன்னார் போன்ற இடங்களில், குழாய் ஒட்சிசனும் மயக்க மருந்துப் பிரிவும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறது. அங்கே ஒரு இயந்திரம், பயிற்சி எடுத்த இரண்டு பேர், மாதத்தில் ஒதுக்கின நாள். கிராமத்துக் கிளினிக்கில் ஊசி போடத் தெரிந்த, முரசு பார்க்கத் தெரிந்த, யாரை எங்கே அனுப்புவது என்று தெரிந்த ஒராள். சேர் கேட்ட பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது வேலையைப் பழக்கலாம், அதில் எனக்குத் தயக்கமில்லை. பழக்கினவர்களுக்கு நிரந்தரப் பதவி இல்லாவிட்டால் மட்டும் தொடங்க வேண்டாம். சான்றிதழோடு வெளிநாடு போய்விடுவார்கள், சுதா மன்னிக்கவும்.

லண்டன்_சுதா | சனி, இரவு 8.30

மன்னிப்பு எதற்கு டொக்டர், உண்மைதானே. பதவி இருந்திருந்தால் நான் விசுவமடுவில் இருந்து இதை எழுதியிருப்பேன். பயிற்சிக்கு ஆள் தேவையென்றால் லீவில் வரும்போது சும்மா நிற்கிறேன், கேளுங்கள்.

மட்டுறுத்துனர் | சனி, இரவு 9.00

ஒரு உறுப்பினர் தனியார் கிளினிக் ஒன்றின் பெயரைப் போட்டு அங்கே நடந்ததை எழுதியிருந்தார். அதை எடுத்துவிட்டேன். அனுபவத்தை எழுதுங்கள், பெயர் வேண்டாம்.

துணுக்காய்_சேர் | ஞாயிறு, காலை 10.15

எல்லோருக்கும் நன்றி. ஒராளை விட்டால் போதும் என்று எழுதியபோது தாதி சொன்ன இரண்டாவது ஆளை நான் யோசிக்கவேயில்லை. பிரதேச அபிவிருத்திக் கூட்டத்தில் கேட்பதற்கு இப்போது ஒரு கேள்வி கையில் இருக்கிறது: மாவட்டத்துக்கு ஒரு வாயு இயந்திரம், கிராமத்துக்கு ஊசியோடு ஒரு முரசுப் பணியாளர், இரண்டுக்கும் பதவி.

டொக்டர், இளையவனுக்கு ஆறு வயது. கீழ்க் கொடுப்புப் பாற்பல், சூத்தை ஆழம், இரவில் அழுகிறான். ஊசிக்கு எழும்பி ஓடுவான். நேரே மயக்கத்துக்குத்தான் போக வேண்டுமா?

பல்வைத்தியர்_வன்னி | ஞாயிறு, காலை 11.40

இல்லை சேர். ஊசிக்கு ஓடுகிற பிள்ளைகளில் அதிகமானவர் ஊசியைக் கண்டு ஓடுகிறவர்கள், குத்தினதற்கு இல்லை. முரசில் விறைப்புப் பசை தடவி இரண்டு நிமிடம் விட்டு, ஊசியைக் கண்ணில் காட்டாமல் கன்னத்தை ஆட்டிக்கொண்டே போட்டால் பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. ஒருநாள் சும்மா வந்து கதிரையில் ஏறி இறங்கட்டும், அன்றைக்கு ஒன்றும் செய்ய மாட்டேன். அதற்கும் மசியாவிட்டால் சிறுவர் பல் சிறப்பு வைத்தியருக்குக் கடிதம் தருகிறேன். முகம் வீங்கினாலோ காய்ச்சல் அடித்தாலோ காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கொண்டு வாருங்கள்.

வீட்டில் ஊசி, வலி என்ற சொற்களை எடுக்க வேண்டாம். வலிக்காது என்றும் சொல்ல வேண்டாம். நிறை எவ்வளவு?

துணுக்காய்_சேர் | ஞாயிறு, பிற்பகல் 12.25

பக்கத்து மில்லில் நெல் நிறுக்கிற தராசில் ஏற்றினேன். 18 கிலோ 400. செருப்போடு.

பல்வைத்தியர்_வன்னி | ஞாயிறு, பிற்பகல் 12.31

திரும்ப நிறுப்போம். புதன் காலை வாருங்கள், சாப்பிடக் கொடுத்துக் கூட்டி வாருங்கள்.